102 வயது அம்மச்சியும் நான் வாங்கிப் போன கருப்பட்டியும்

கிடைத்துவிட்டது மக்களே! கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊருக்குப் பக்கத்து அம்மச்சியின் வயதைச் சொல்லும் ஞானஸ்நானப் பதிவு கிடைத்துவிட்டது. நான் போட்ட மாத்தூர் தொட்டிப் பாலம் வீடியோவின் கடைசியில் ஒரு நிமிடம் வந்தாரே, ஓலைப்பெட்டி முடைந்துகொண்டே "அந்தக் கேமராவ மூடு பிள்ளே, வெயிலு படுது" என்று என்னை விரட்டினாரே, அவரேதான். அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்துவிட்டுத்தான் உங்களில் பாதிப் பேர் அவருக்கு உண்மையிலேயே 100 தாண்டிவிட்டதா என்று கேட்டீர்கள்.

தாண்டிவிட்டது. 102 முடிந்து 103 நடக்கிறது.

ஆனால் அவருடைய ஆதாரில் 1932 என்று போட்டிருக்கிறார்கள். வந்து எழுதியவர் முகத்தைப் பார்த்து ஒரு வருடத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வீட்டில் அம்மச்சியின் அப்பா எழுதிவைத்த நோட்டு ஒன்று இருக்கிறது. அதில் கொல்லம் 1098 சித்திரை என்று தெளிவாக இருக்கிறது. நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பழைய ஆதாரம் (நிலப் பத்திரம்), பட்டயம் எல்லாம் கொல்லம் ஆண்டில்தான் இருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொல்லம் ஆண்டு என்பது திருவிதாங்கூர் காலத்து மலையாள ஆண்டு, ஆவணியில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் வரை என்றால் 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடியும் வரை 825 கூட்ட வேண்டும். 1098 சித்திரை என்றால் 1923 ஏப்ரல், மே. ஆதாரைத் திருத்த இதை எடுத்துக்கொண்டு போனால், நோட்டையெல்லாம் ஒத்துக்கொள்ள முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

அப்புறம் அம்மச்சியின் பேரன்தான் சபைப் பதிவேட்டைத் தேடச் சொன்னார். போதகரும் பொறுமையாகப் பீரோவிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார். ஓரமெல்லாம் பூச்சி அரித்த நோட்டு. 1923 மே மாதப் பக்கம். அம்மச்சியின் பெயர், அப்பா பெயர், தொழில் என்ற இடத்தில் பனையேற்று. அதைப் பார்த்ததும் பேரன் அழுதுவிட்டார். அந்தப் பக்கத்தை வீடியோவில் காட்ட மாட்டேன். மற்ற குடும்பங்களின் பெயரும் அதில் இருக்கிறது.

இந்தக் காகிதம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஃபௌஜா சிங்கை நினைத்துப் பாருங்கள். 2011இல் டொரண்டோவில் 100 வயதில் முழு மாரத்தான் ஓடி முடித்த மனுஷர். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று கின்னஸ் அதைச் சேர்க்கவில்லை. பிரான்சில் 122 வயது வாழ்ந்த ழான் கல்மாவுக்கு 1875இல் பிறந்தபோதே ஊர்ப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். ஓடியவரின் கால் பொய் சொல்லவில்லை, காகிதம்தான் இல்லை. நம் 2011 மக்கள்தொகைக் கணக்கில் 100 தாண்டியவர்கள் என்று 6 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். 2024இல் ஜப்பானில் எண்ணியது 95,119. நம் கணக்கில் வாய்க்கு வந்த வயதும் கலந்திருக்கிறது என்பது அதிலேயே தெரிகிறது. அதனால்தான் அம்மச்சி மாதிரி உண்மையாகவே 100 கடந்தவர்களையும் யாரும் நம்புவதில்லை.

சரி, இப்போது கருப்பட்டி. இதைச் சொல்லாமல் நான் விடமாட்டேன்.

அம்மச்சியைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு கடையில் கருப்பட்டி வாங்கினேன். கடை எது என்று சொல்லப்போவதில்லை. கிலோ 420 ரூபாய்! நான் ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டேன், "நயம் கருப்பட்டிதானே?" என்று. "தேரிக்காட்டுப் பனையில் எடுத்தது" என்றார் கடைக்காரர். இரண்டு கிலோ, 840 ரூபாய். பை தனியாக 10 ரூபாய், அதையும் கொடுத்தேன். அம்மச்சி கையில் ஒன்றை வாங்கி, அம்மி மேல் ஒரு தட்டு தட்டினார். உடைந்த பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினார். "மின்னுது பாத்தியா? இது சீனி இட்டு காய்ச்சினதாக்கும் மக்ளே." அவ்வளவுதான். நாக்கில்கூட வைக்கவில்லை. சுத்தமான கருப்பட்டியை உடைத்தால் உள்ளே மங்கலாக இருக்குமாம், பளபளப்பு இருக்கவே இருக்காதாம். வாயில் போட்டால் மெதுவாகக் கரையுமாம், கடைசியில் லேசாக ஒரு உப்புக் கரிப்பு நிற்குமாம். 840 ரூபாய் மக்களே! கட்டன் சாயாவுக்குச் சீனியே வேண்டாம், கருப்பட்டிதான் வேண்டும் என்று எத்தனை வீடியோவில் சண்டை போட்டிருக்கிறேன். எனக்கே சீனியை விற்றிருக்கிறார்கள்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். அம்மச்சி பேச ஆரம்பித்துவிட்டார். முந்தின வாரம் ரீல்ஸ் எடுக்க நாலு பேர் வந்தார்களாம். பொன்னாடை போர்த்தி, கேக் வெட்டி, "அம்மச்சி, உங்க ஆயுளின் ரகசியம் என்ன?" என்று கேட்டிருக்கிறார்கள். இவர் "ஆண்டவருக்குத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார். என்னைக் கேட்டால் அந்தக் கேள்வியே வேண்டாம். அதை வெறுக்கிறேன். அதே மனுஷியிடம் கருப்பட்டியை நீட்டினால் ஒரு மணி நேரம் பேசுகிறார்!

அக்கானி, அதாவது பதநீர், புளிக்காமல் இருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவ வேண்டும். கூடினால் கைக்கும், குறைந்தால் கள்ளாகிவிடும். காய்ச்சும்போது பொங்கி வழியப் பார்க்கும், அப்போது ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டால் அடங்கும். பதம் வந்ததா என்று ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்க வேண்டும், உருண்டால் இறக்கிச் சிரட்டையில் ஊற்ற வேண்டும். விறகு எது என்று கேட்டேன், அதை விட்டுவிட்டு, சத்தம் கேட்டாலே பதம் தெரியும் என்றார். பாகு கொதிக்கிற சத்தத்தைச் சொல்கிறார். அது தண்ணீராக இருக்கும்போது ஒரு சத்தம், முறுகும்போது வேறு சத்தமாம். இதை எந்தப் புத்தகத்தில் படிப்பீர்கள்?

சொல்ல மறந்துவிட்டேன், கணக்கு! அம்மச்சி இன்னும் சக்கரம் என்ற பழைய திருவிதாங்கூர் நாணயத்தில்தான் கணக்குப் போடுகிறார். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய், பிரிட்டிஷ் ரூபாய் என்றால் 28½ சக்கரம். அந்த அரைச் சக்கரத்தில் வியாபாரிகள் எப்படியெல்லாம் ஏமாற்றினார்கள் என்று இன்றைக்கும் கோபமாகச் சொல்கிறார். என் 840 ரூபாய்க் கோபம் அங்கே எடுபடவே இல்லை.

அம்மச்சி பிறந்தபோது திருவிதாங்கூரை ஆண்டவர் மூலம் திருநாள் மகாராஜா. ஒரு வயதில் 99 வெள்ளம், அதாவது கொல்லம் 1099, 1924. வெள்ளம் வடக்கேதான் பெரிது, ஆனால் இங்கேயும் வயதைச் சொல்ல அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 1936இல் எல்லாச் சாதி இந்துக்களும் கோயிலுக்குள் போகலாம் என்ற கோயில் நுழைவு பிரகடனம் வந்தபோது 13 வயது. பக்கத்து வீட்டுக்காரர்கள் குளித்து, புதுத்துணி கட்டி, நடந்தே சுசீந்திரம் போனதைத் திண்ணையில் இருந்து பார்த்திருக்கிறார். யுத்த காலத்தில் பர்மா அரிசி நின்றுபோனது. "மரச்சீனியும் சாளையும்தான் நம்மள காப்பாத்திச்சு" என்கிறார், மரவள்ளிக்கிழங்கையும் மத்தி மீனையும் சொல்கிறார். 1956 நவம்பர் 1 அன்று நம் மாவட்டம் அன்றைய மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்தபோது 33 வயது, இடுப்பில் பிள்ளை. ஒரே வீட்டில் இருந்துகொண்டே மகாராஜா ராஜ்யம், திருவிதாங்கூர்-கொச்சி, மதராஸ் மாநிலம், தமிழ்நாடு என்று நாலு ஆட்சிப் பெயரைப் பார்த்திருக்கிறார்.

கொண்டாடுவது என்றால் எனக்குப் பிடித்தது கேரளத்தில் கொல்லம் ஊரில் நடந்ததுதான். பாகீரதி அம்மா, ஒன்பது வயதில் அம்மா இறந்து படிப்பு நின்றது. 105 வயதில் நாலாம் வகுப்புக்குச் சமமான பரீட்சை எழுதி 275க்கு 205 வாங்கினார். அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, பாடப்புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். நூறு தாண்டிய தேக்கம்பட்டி பாப்பம்மாளுக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அவர் செய்த விவசாயத்துக்காக. அப்படிக் கொடுங்கள். ஜப்பானில் 1963இலிருந்து 100 தொடுபவர்களுக்கு வெள்ளிக் கிண்ணம் தருகிறார்கள். ஆட்கள் கூடிவிட்டார்கள் என்று 2016இல் வெள்ளி முலாமாக மாற்றிவிட்டார்கள். முலாம் என்றாலும் பரவாயில்லை, பதிவேடு சரியாக இருந்தால் கிண்ணம் சரியான ஆளுக்குப் போகும்.

அடுத்து என்ன என்றால், இவ்வளவு காலம் கழித்துப் பிறப்பைப் பதிய கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். பேரன் பதிவேட்டின் நகலோடு மனு எழுதிவிட்டார், திங்கட்கிழமை கொடுக்கிறார். நானும் கூடப் போகிறேன்.

தை பிறந்து அக்கானி இறங்க ஆரம்பித்ததும் அம்மச்சியை அடுப்புப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவர் சொல்லச் சொல்லப் பேத்தி காய்ச்சுவதை முழுதாக எடுக்கப்போகிறேன். வெட்ட மாட்டேன், பாட்டுப் போட மாட்டேன், பாகுச் சத்தம் கேட்க வேண்டும். அவரிடம் கேட்க வேண்டியதை இப்போதே எழுதி அனுப்புங்கள். சுண்ணாம்பு பற்றிக் கேளுங்கள், ஓலைப்பெட்டி பற்றிக் கேளுங்கள், சக்கரம் பற்றிக் கேளுங்கள். ஆயுளின் ரகசியம் என்று எழுதி அனுப்பினால் அதை நான் அவரிடம் கேட்க மாட்டேன்.