இரண்டு கேமராவும் ஒரே பையில்

வணக்கம். மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் தெரிவது கிருஷ்ணகிரி மலைக்கோட்டை. கீழே லாரி போகும்போது பேச்சை நிறுத்துவேன், போனதும் தொடர்வேன். வெட்டி ஒட்டுகிற பொறுமை எனக்குக் கிடையாது. கனமான ஃபிலிம் கேமராவை விட்டுச் சின்ன ஃபிலிம் கேமராவுக்கு ஏன் மாறினேன் என்பதுதான் இன்றைய பேச்சு.

மேசையில் பெரிதாக உட்கார்ந்திருக்கிறதே, அது நிக்கான் எஃப்5. 1996-இல் சந்தைக்கு வந்த கேமரா. டிஜிட்டலுக்கு மாறிய கல்யாண ஸ்டுடியோக்காரர் ஒருவரின் அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்ததை வாங்கினேன். நொடிக்கு எட்டுப் படம் வரை எடுக்கும். 36 படம் கொண்ட ஒரு ரோலைத் தீர்க்க அதற்கு நாலரை நொடி போதும். எருது விடும் விழாவில் விரலை அழுத்திப் பிடித்தால், மாடு ஓடுபாதையில் பாதி தூரம் போவதற்குள் ரோல் காலி. அந்த வேகம் பத்திரிகைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டது, ஃபிலிம் செலவை அலுவலகம் பார்த்துக்கொண்ட காலத்தில். என் ஃபிலிம் செலவை நான்தான் பார்க்க வேண்டும்.

எடைக்கு வருகிறேன். எஃப்5 உடம்பு மட்டும் 1,210 கிராம். உள்ளே எட்டுப் பென்சில் பேட்டரி போட வேண்டும், அது ஏறத்தாழ இருநூறு கிராம். நான் மாட்டியிருந்த 80-200 எஃப்2.8 ஜூம் லென்ஸ் 1,300 கிராம். ஆகமொத்தம் இரண்டே முக்கால் கிலோவைத் தொடுகிறது. தோளில் வார் பதிந்த தடம் மறுநாளும் இருக்கும்.

பக்கத்தில் இருக்கிற இந்தச் சின்னது நிக்கான் எஃப்எம்2. 1982-இல் வந்தது, 540 கிராம். இதில் 50 மில்லிமீட்டர் எஃப்1.8டி லென்ஸ் மாட்டியிருக்கிறேன், அது 155 கிராம். இரண்டும் சேர்ந்து எழுநூறைத் தொடவில்லை.

மாறியதற்கு எடை போதுமான காரணமா என்றால், இல்லை. எடைதான் கவலை என்றால் ஃபிலிமையே விட்டுவிடலாம். இப்போது என்னைப் பதிவு செய்துகொண்டிருக்கும் கேமரா நிக்கான் இசட் எஃப்சி. 2021-இல் வந்தது. எஃப்எம்2-வின் தோற்றத்தைப் பார்த்துத்தான் இதை வடிவமைத்தோம் என்று நிக்கானே சொன்ன டிஜிட்டல் கேமரா. பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 445 கிராம். அப்பனைவிடப் பிள்ளை எடை குறைவு. ஃபிலிம் கேமராதான் லேசானது, எளிமையானது என்று யாராவது சொன்னால் தராசைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆனால் தொடக்கத்தில் கதை தலைகீழ். 1975-இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா 3.6 கிலோ. ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 நொடி எடுத்துக்கொண்டது. என் எஃப்5 அதைவிட லேசு என்று ஆறுதல் அடைந்துகொள்ளலாம்.

பிறகு எதற்கு எஃப்எம்2? கணக்கைப் போட்டுப் பாருங்கள். எஃப்எம்2 லென்ஸோடு 695 கிராம். இசட் எஃப்சி, அதோடு வரும் 16-50 லென்ஸ் 135 கிராம், மொத்தம் 580. இரண்டு கேமராவும் இரண்டு லென்ஸும் சேர்ந்து 1,275 கிராம். எஃப்5-இன் உடம்பும் பேட்டரியும் மட்டுமே இதைவிட எடை அதிகம். கனமான கேமரா இருந்தவரை காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே ஃபிலிமா டிஜிட்டலா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் இரண்டையும் தூக்க முடியாது. இப்போது தீர்ப்பைக் கல்லின் முன்னால் நின்று சொல்கிறேன். எனக்கு எடை குறைந்ததால் கிடைத்தது இதுதான்.

கல் என்றதும் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் எடுப்பது பெரும்பாலும் கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களில் இருக்கும் கற்திட்டைகளையும் நடுகற்களையும். மல்லசந்திரம் குன்றில் இருப்பவை கற்திட்டைகள். பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லைப் போட்டிருப்பார்கள். பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள். ஊரில் பாண்டவர் வீடு என்பார்கள். நடுகற்கள் சின்னக்கொத்தூர்ப் பக்கம் நிறைய உண்டு. தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனால் அலையாமல் ஒரே இடத்தில் பலவற்றைப் பார்த்துவிடலாம்.

கற்திட்டையில் வெளிச்சம்தான் பிரச்சினை. பத்து மணிக்கு மேல் வெளியே மூடுகல் வெயிலில் வெள்ளையாகக் கண்ணைக் கூசும். உள்ளே இருட்டு. டிஜிட்டலில் உள்ளிருட்டுக்கு வெளிச்ச அளவு வைத்தால் மூடுகல்லின் மேற்பரப்பு வெறும் வெள்ளையாகிவிடும், அந்த வெள்ளையிலிருந்து எந்த மென்பொருளாலும் ஒரு கீறலைக்கூட மீட்க முடியாது. அதனால் டிஜிட்டலில் வெயிலுக்கு அளவு வைத்து, இருட்டைப் பிறகு கணினியில் தூக்க வேண்டும். கறுப்பு வெள்ளை நெகட்டிவ் இதற்கு நேர்மாறு. வெளிச்சம் இரண்டு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூடிப்போனாலும் தாங்கிக்கொள்ளும், இருட்டில் போதிய வெளிச்சம் விழாவிட்டால்தான் ஒன்றும் கிடைக்காது. ஆகவே எஃப்எம்2-வை எடுத்துக்கொண்டு திட்டையின் வாய்வரை போய், கேமராவுக்குள் இருட்டு மட்டும் நிறையும்படி பிடித்து, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரைப் படிக்கிறேன். வெளிச்ச உணர்திறன் ஐஎஸ்ஓ 400 உள்ள ஃபிலிம், மீட்டர் எஃப்4 துளையில் 1/60 நொடி என்கிறது என்று வையுங்கள். மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும், அப்படியே எடுத்தால் இருட்டு சாம்பல் நிறமாக வரும். இருட்டு இருட்டாக இருக்க வேண்டும், ஆனால் உள்சுவரின் சொரசொரப்பும் தெரிய வேண்டும். அதற்காக இரண்டு ஸ்டாப் குறைத்து, துளையை எஃப்8-க்குச் சுருக்கி, பின்னால் நகர்ந்து படம் எடுக்கிறேன். மூடுகல் நெகட்டிவில் அடர்த்தியாக விழும், ஆனால் விவரம் உள்ளே இருக்கும். கற்திட்டைக்கு என் தீர்ப்பு ஃபிலிம்.

நடுகல்லுக்குத் தீர்ப்பு மாறுகிறது. அங்கே டிஜிட்டல்தான், இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. நடுகல்லில் உருவமும் எழுத்தும் ஆழமில்லாமல் செதுக்கப்பட்டிருக்கும். நேராக வெயில் விழுந்தால் கல் மட்டும்தான் தெரியும், வீரனும் தெரியமாட்டான், அவன் குத்துகிற புலியும் தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில் கல்லை உரசிக்கொண்டு போக வேண்டும். காலை முதல் வெயில் நல்லது. அது இல்லாவிட்டால் ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டால் போதும். கண்ணாடியை ஒரு சாண் நகர்த்தினால் அதுவரை தெரியாத ஒரு வரி எழும்பிவரும், இன்னொரு சாண் நகர்த்தினால் அது மறைந்து வேறொன்று தெரியும். இதை ஃபிலிமில் எடுத்துவிட்டு வீட்டில் வந்து நெகட்டிவைப் பார்த்து, அடடா இன்னும் கொஞ்சம் நகர்த்தியிருக்கலாமே என்று நினைப்பது வீண் வேலை. திரையில் பெரிதாக்கி எழுத்து படிக்க வருகிறதா என்று அங்கேயே பார்த்துவிட வேண்டும். கல்லின் மேல் சுண்ணக்கட்டியைத் தேய்த்து எழுத்தை வெளிக்கொண்டுவருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், கண்ணாடி இருக்கும்போது கல்லைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

லாரி போய்விட்டது. செலவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு வெள்ளை ரோல் ஒன்றுக்கு இப்போது எழுநூறு ரூபாயை ஒட்டிக் கொடுக்கிறேன். ஒரு தடவை பொத்தானை அழுத்தினால் ஏறத்தாழ இருபது ரூபாய், கழுவும் மருந்து தனி. எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 1960-இல் ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டு, அங்கே தயாரான ‘இந்து’ ஃபிலிம் நாடெங்கும் கடைகளில் இருந்தது. அந்தத் தொழிற்சாலை இன்று இல்லை. அது இருந்திருந்தால் விலை குறைந்திருக்குமோ என்னவோ, ஒரு பஸ் பிடித்துப் போய் வாங்கிவந்திருப்பேன்.

கலர் ரோலைக் கழுவ பெங்களூருக்கு அனுப்புகிறேன். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவுகிறேன். இல்ஃபோர்டு எச்பி5 ப்ளஸ் ஃபிலிமை ஐடி-11 கரைசலில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம் வைக்க வேண்டும் என்பது கணக்கு. ஏப்ரல் மாதம் நம் ஊர்க் குழாயில் 20 டிகிரித் தண்ணீர் எங்கே கிடைக்கும்? அகலமான பாத்திரத்தில் ஐஸ் கட்டி போட்டு, அதற்குள் கரைசல் பாட்டிலை நிற்கவைத்து, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐஸ் கட்டிக்காகவும் ரோல்களுக்காகவும் ஃபிரிட்ஜில் பாதியை நான் பிடித்துக்கொண்டதாக வீட்டில் ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது.

தண்ணீரைப் பற்றி இன்னொன்று. நம் இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃபிலிமுக்கு ஃபுளோரைடு பகையில்லை, உப்பும் சுண்ணாம்பும்தான் பகை. போர்த் தண்ணீரில் கடைசி அலசல் அலசிக் காயவைத்தால் நெகட்டிவ் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொட்டு விழும். ஸ்கேன் செய்யும்போது ஒவ்வொரு பொட்டும் வானத்தில் பறவைபோலத் தெரியும். கடைசி அலசலுக்கு மட்டும், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் பங்கிலேயே கிடைக்கும்.

எஃப்எம்2-வில் எனக்குப் பிடிக்காதவற்றையும் சொல்ல வேண்டும். இதோ, இந்த லிவரைப் பாருங்கள். ஃபிலிமை நகர்த்தும் லிவர். கேமராவோடு ஒட்டியிருந்தால் ஷட்டர் பூட்டிக்கொள்ளும். இவ்வளவு தூரம் வெளியே இழுத்து நிறுத்தினால்தான் மீட்டரும் ஷட்டரும் வேலை செய்யும். வலக்கண்ணால் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. நான் இடக்கண்ணால் பார்க்கிறவன், லிவரின் முனை நெற்றியில் வந்து குத்துகிறது. புருவத்துக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு தெரிகிறதா? அதன் உபயம்தான். ஷட்டர் சத்தமும் அதிகம். 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஆட்டோஃபோகஸுக்காகச் செய்யப்பட்டது என்பதால் கையால் திருப்பும்போது வளையம் கொளகொளவென்று ஓடுகிறது. கையாலேயே ஃபோகஸ் செய்கிற பழைய ஏஐ-எஸ் லென்ஸின் வழவழப்பு இதில் வராது. ஆனால் கையில் இருந்த லென்ஸ் இது, புதிதாக ஒன்று வாங்காமல் எஃப்5-இலிருந்து கழற்றி இதில் மாட்டிக்கொண்டேன். நிக்கானில் அந்த வசதி உண்டு. லென்ஸில் துளையின் அளவை மாற்றும் அப்பர்ச்சர் வளையம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஜி வகை லென்ஸ்களில் வளையம் கிடையாது, எஃப்எம்2-வில் மாட்டினால் துளை மிகச் சிறியதாகவே நின்றுவிடும்.

பிடித்தது என்றால் பேட்டரி. இரண்டே இரண்டு பொத்தான் பேட்டரி, எல்ஆர்44. கைக்கடிகாரம் பழுதுபார்க்கிற எந்தக் கடையிலும் கிடைக்கும். அதுவும் மீட்டருக்கு மட்டும்தான். பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் எல்லா வேகத்திலும் இயங்கும், 1/4000 வரை. நல்ல வெயிலில் மீட்டரே தேவையில்லை, ஐஎஸ்ஓ 400 என்றால் எஃப்16, 1/500, அவ்வளவுதான். இன்னொன்றும் கவனித்தேன். பெரிய லென்ஸோடு போனால் ஆடு மேய்க்கிற பெரியவர்கள், தம்பி நிலம் அளக்க வந்திருக்கிறீர்களா, சாலை வருகிறதா என்று கவலையோடு கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. இந்தச் சின்னக் கேமராவோடு போனால் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறார்கள்.

எஃப்5-ஐயும் அந்தப் பெரிய லென்ஸையும் விற்கப் போகிறேன். குறை ஒன்றும் இல்லை, வாங்குகிறவருக்குத் தோளில் பலம் இருந்தால் போதும்.

நீங்கள் எஃப்எம்2 வாங்கப் போகிறீர்கள் என்றால் விலை பேசும் முன் பின்கதவைத் திறந்து பாருங்கள். கதவு ஓரத்துப் பள்ளத்தில் கறுப்பு நுரைப்பட்டை இருக்கும். விரல் வைத்தால் பிசினாக ஒட்டினால் அது செத்துப்போய்விட்டது, வெளிச்சம் உள்ளே கசியும். மாற்றுவது சிரமமில்லை, ஆனால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஷட்டர் தகடுகளைக் கண்ணால் பாருங்கள், விரலால் தொடவே தொடாதீர்கள். காகிதம்போல மெல்லிய தகடு, ஒரு சின்ன நெளிவு இருந்தாலும் வாங்காமல் வந்துவிடுங்கள். உடம்பின் பின்பக்கம் வரிசை எண்ணுக்கு முன்னால் என் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது 1984-க்குப் பிறகு வந்த எஃப்எம்2என், ஃபிளாஷ் 1/250 நொடி ஷட்டர் வேகம் வரை ஒத்துப்போகும். முதல் வகையில் 1/200. பகலில் கல்லை எடுக்கிறவர்களுக்கு எதுவானாலும் ஒன்றுதான், முதல் வகை கொஞ்சம் மலிவாகக் கிடைத்தால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள்.