மலைப்பாதை மூடினால் எங்கள் பாடு என்ன? கொலோனே பயணம், கத்தரிக்காய், முழு விபரம்

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு வானவெளிச்சம், அதுதான் இரவு வானத்தில் ஆடுகிற அரோரா, காட்டப் போவதில்லை, அதை முதலே சொல்லிவிடுகிறேன். "அக்கா, அந்தப் பச்சை வெளிச்சத்தை இன்னொருக்கா காட்டுங்கோ" என்று எல்லா வீடியோவுக்குக் கீழேயும் கேட்கிறீர்கள். பழைய வீடியோக்களில் அது வேண்டிய மட்டும் இருக்கிறது, போய்ப் பாருங்கோ. இன்றைக்கு எங்கள் மலைப்பாதையைப் பற்றிப் பேச வேண்டும். நேற்று இரவு கெட்னியே சந்தியில் ஒருவர் ஸ்நோ தள்ளும் லொறிக்காரரோடு மல்லுக்கு நின்றதைப் பார்த்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வரி. நாங்கள் இருப்பது போட்ஸ்பியோர்ட். நோர்வேயின் வடகிழக்கு மூலை, பின்மார்க், பாரென்ட்ஸ் கடலோரம். 2,000 சொச்சம் சனம். மீன்தான் வேலை, மீன்தான் பேச்சு. 1980களின் கடைசியிலிருந்து எங்கட ஆக்கள், இலங்கைத் தமிழர், பின்மார்க்கின் மீன் பக்டரிகளுக்கு வரத் தொடங்கினார்கள். பிறகு கனபேர் ஒஸ்லோப் பக்கம் இறங்கிவிட்டார்கள், நாங்கள் இங்கேயே இருந்துவிட்டோம். வெளியே போக ஒரே ஒரு றோட்டு, 891. அது மலையேறிப் போய் கெட்னியேயில் 890-உடன் சேரும். அங்கிருந்து ஒரு பக்கம் போனால் பெர்லேவோக், மற்றப் பக்கம் தானாபுரூ. தானாபுரூவுக்கு எங்கள் வீட்டிலிருந்து 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மலையில் ஒரு தேத்தண்ணிக் கடைகூடக் கிடையாது.

அந்த றோட்டைத்தான் இந்தக் கிழமை செவ்வாய் பின்னேரம் மூடினார்கள். வெள்ளிக்கிழமைதான் திறந்தது. மூடினால் என்ன நடக்கும் என்று அங்கே யாழ்ப்பாணப் பக்கம் இருப்பவர்களுக்குப் புரிவது கஷ்டம். கடையில் முதலில் தீர்வது பால். அப்புறம் மரக்கறி. புதன்கிழமை நான் போனபோது வாழைப்பழம் இருந்த இடத்தில் வெறும் மட்டைப்பெட்டி. இன்னொரு பக்கம், புயலுக்கு முதல் நாள் இறக்கிய கோட் மீனைப் பெட்டி பெட்டியாக ஐஸ் போட்டு ட்றெயிலரில் ஏற்றியாயிற்று, ட்றெயிலர் போக வழியில்லை. பச்சை மீன் காத்திருக்குமா? ஒவ்வொரு மணித்தியாலமும் விலை இறங்கும். பக்டரியில் எல்லாருடைய முகமும் கறுத்துப் போயிருந்தது. கடும் வருத்தம் என்றால் ஆஸ்பத்திரி கிர்க்கனேசில். விமானம் இறங்க முடியாத காற்றில் அம்புலன்சுக்கு முன்னால் போவதும் இதே ஸ்நோ தள்ளும் லொறிதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா போன் எடுத்து, "ஏன் பிள்ளை, அவ்வளவு ஸ்நோவோ கொட்டுது?" என்று கேட்டார். அதுதான் இல்லை. வியாழன் இரவு வானம் துடைத்து வைத்தமாதிரி இருந்தது, நட்சத்திரம் எண்ணலாம். ஆனாலும் றோட்டுப் பூட்டு. எங்கள் ஊர் இருக்கிற வறாங்கர் குடாநாட்டின் மேட்டில் மரமே கிடையாது, மொட்டை மலை. காற்றை மறிக்க ஒன்றும் இல்லை. போன கிழமை விழுந்த ஸ்நோவை இந்தக் கிழமைக் காற்று கிளப்பிக்கொண்டு வந்து றோட்டில் போடும். தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் அது மூடிவிடும். காற்று வரும் பக்கத்தில் நீளத்துக்குப் பலகை வேலி அடித்திருக்கிறார்களே, கோடைகால வீடியோவில் "இது ஆட்டுப் பட்டியா அக்கா" என்று கேட்டீர்கள், அது காற்று கொண்டுவரும் ஸ்நோவை றோட்டுக்கு வர முதல் பிடித்து வைப்பதற்கு.

எத்தனை மைனஸ் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். எங்கள் கரையில் மைனஸ் பத்துக்குக் கீழே போவதே பெரிய விஷயம். சூடான கடல் நீரோட்டம் வருவதால் துறைமுகம் உறைவதில்லை. கடும் குளிர் உள்நாட்டில்தான். நோர்வேயிலேயே பதிவான ஆகக் குறைந்த வெப்பநிலை கறாஸ்யோக்கில், 1886 ஜனவரி 1-ல், மைனஸ் 51.4. ஆனால் அங்கே காற்று இருக்காது, புகை நேராக மேலே போகும். எனக்குக் கேட்டால் காற்றில்லாத மைனஸ் முப்பது எங்கள் மைனஸ் எட்டை விட ஆயிரம் மடங்கு நல்லது. கதவைத் திறந்தால் கையோடு பிடுங்கிக்கொண்டு போகும் காற்று இது.

சரி, வெள்ளிக்கிழமை திறந்தது. சனிக்கிழமை விடியவே நானும் இவரும் பின்லாந்துக்கு வெளிக்கிட்டோம். நுவோர்காம் கடைப் பயணத்தை முந்தியும் போட்டிருக்கிறேன். தானாபுரூவிலிருந்து அரை மணித்தியாலம்கூட இல்லை, எல்லை தாண்டினால் பின்லாந்தின் ஆக வடக்குக் கிராமம். கிழக்குப் பின்மார்க் ஆட்கள் இறைச்சிக்கும் இனிப்புக்கும் அங்கேதான் போவார்கள். ஒன்று மறந்துவிட்டேன்: பின்லாந்து மணிக்கூடு எங்களை விட ஒரு மணித்தியாலம் முன்னுக்கு. கடை ஆறு மணிக்குப் பூட்டும் என்றால் எங்களுக்கு அது ஐந்து. போகிறவர்கள் அதை மனதில் வைத்திருங்கோ.

கோழிக்கால் கிலோ நாலு யூரோவுக்குக் கீழே. எங்கள் ஊரில் அந்தக் காசுக்கு அரைக் கிலோ வாங்குவதே பாடு. இறைச்சி, சீஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 10 கிலோ கொண்டு வரலாம். பழம், மரக்கறி 10 கிலோ. உருளைக்கிழங்கு ஒன்றுகூடக் கொண்டுவரக் கூடாது, பயிர் நோய் பரவும் என்று தடை. இவருக்கு அது பெரிய கவலை, எனக்கு இல்லை, எனக்குக் கிழங்கே பிடிக்காது.

எனக்கு வேண்டியது கத்தரிக்காய். உறவுகளே, கத்தரிக்காய்! நல்ல பெரிய, கையில் எடுத்தால் பாரமான, காம்பு பச்சையாக இருக்கிற கத்தரிக்காய். இங்கே ஒரு காய் 40 குரோன் சொல்லுவார்கள், றோட்டு மூடிய பிறகு 400 குரோன் கொடுத்தாலும் கிடையாது. அங்கே கிலோவே 4 யூரோ 20. நான் எட்டுக் காய் எடுத்தேன். ஆனால் வாங்குவது பெரிய காரியமில்லை, வீடு கொண்டுவந்து சேர்ப்பதுதான் காரியம். கத்தரிக்காய்க்குக் குளிர் ஆகாது. உறையவே தேவையில்லை, குளிர் பட்டாலே போதும். வெளியே பளபளவென்று அப்படியே இருக்கும். வெட்டினால் உள்ளே சதை மண்ணிறம், விதை கறுத்து, பஞ்சுமாதிரி நீர் விடும். கறி கசக்கும். அதனால் கார் டிக்கிக்குள் வைக்கவே கூடாது. நான் என்ன செய்வேன் என்றால், கோடையில் சோடா குளிராக வைக்கிற பெட்டி இருக்கிறதல்லவா, அதற்குள் சுடுதண்ணிப் போத்தல் ஒன்றைத் துவாயால் சுற்றி அடியில் வைப்பேன். ஒவ்வொரு காயையும் பேப்பரில் தனித்தனியாகச் சுற்றி மேலே அடுக்குவேன். காய் போத்தலில் முட்டக் கூடாது, முட்டினால் அவிந்துவிடும். மூடியை அமத்திப் பூட்டி, பின் சீற்றில் வைத்து பெல்ற் போட்டுவிடுவேன். குளிரை உள்ளே வைக்கிற பெட்டி சூட்டையும் உள்ளே வைக்கும்.

திரும்பி கெட்னியே வந்தால் றோட்டுத் தடைக் கம்பம் இறக்கியிருக்கிறது, சிவப்பு விளக்கு. காற்று மறுபடி எழும்பிவிட்டது. ஆனால் முழுதாக மூடவில்லை, கொலோனே. தெரியாதவர்களுக்கு: தனியாகப் போக விடமாட்டார்கள். ஸ்நோ தள்ளும் லொறி முன்னால் போகும், வாகனங்கள் வரிசையாக அதன் பின்னால் போக வேண்டும், குறித்த நேரத்துக்கு, குறித்த எண்ணிக்கைதான். நேரம் தெரிய 175-க்குப் போன் எடுத்தால் சொல்லுவார்கள். நாங்கள் போய் நிற்கும்போது முன்னால் இரண்டு ட்றெயிலர், நாலைந்து கார். அன்றைய கடைசிக் கொலோனே. தவறவிட்டால் தானாபுரூவுக்குத் திரும்பிப் போய் விடுதியில் படுக்க வேண்டியதுதான்.

லொறி எங்கள் ஊர்ப் பக்கத்து வாகனங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பியது. ஓட்டுநர் இறங்கி, ஒவ்வொரு காராக யன்னலைத் தட்டிக் கேட்டுக்கொண்டு வந்தார். பெற்றோல் காணுமா? போனில் சார்ஜ் இருக்கிறதா? தடித்த உடுப்பு? ஸ்நோ அள்ளுகிற சவல்? நல்ல வயதான மனிதர், மீசையில் ஐஸ் கட்டியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு வாடகைக் கார். அதிலிருந்தவர் மெல்லிய நகரத்துச் சப்பாத்தும் மழைக்குப் போடுகிற ஜக்கெற்றும் போட்டிருந்தார். பின்னுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒரு போர்வை இல்லை, சவல் இல்லை. ஓட்டுநர் பொறுமையாக, இப்படி உங்களைக் கூட்டிக்கொண்டு போக முடியாது என்றார். அவ்வளவுதான், அந்த ஆள் கத்தத் தொடங்கிவிட்டார். வரி கட்டுகிறோமாம், இரண்டு மணித்தியாலமாக நிற்கிறோமாம், இது ஒரு காற்றா என்று கேட்கிறார். இது ஒரு காற்றாம்!

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கொலோனேயில் நடுவழியில் ஒரு கார் நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டும். திரும்பக் கூடாது, இறங்கக் கூடாது. இறங்கி ஐந்தடி நடந்தால் உங்கள் கார் உங்களுக்கே தெரியாது. லொறி திரும்பி வரும் வரைக்கும் உள்ளே இருந்து குளிரைத் தாங்க வேண்டும். அந்தப் பிள்ளைகளின் காலில் மேசு மட்டும்தான், சப்பாத்தும் இல்லை. அவர்களுக்காகத்தான் ஓட்டுநர் மறுக்கிறார், அது தகப்பனுக்கு விளங்கவில்லை. நான் இறங்கிப் போய் எங்கள் காரில் எப்போதும் கிடக்கிற இரண்டு கம்பளியையும் பிள்ளைகளிடம் கொடுத்தேன். ட்றெயிலர்க்காரர் ஒருவர் தன் மேலங்கியைக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் ஓட்டுநர் ஓம் என்று, அவர்களைத் தன் லொறிக்கு நேர் பின்னால் நிற்பாட்டினார், கண்ணில் படுகிற இடத்தில். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அந்த மனிதருக்கு நான் இந்த வீடியோவில் நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

பயணம் எப்படி என்றால், முன் காரின் சிவப்பு விளக்கு மட்டும்தான் உலகம். இவர் ஓட்டினார், நான் றோட்டோரக் கம்பங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வெளிச்சம் பட்டால் மினுங்குகிற பட்டி சுற்றியிருக்கும், ஒன்று தெரிந்து அடுத்தது தெரிய முதல் மூச்சை அடக்கிக்கொண்டுதான் இருப்பேன். பின் மூடுபனி விளக்குப் போட வேண்டும், அது இல்லாவிட்டால் பின்னால் வருகிறவர் உங்களில் வந்து ஏறுவார். ஒரு இடத்தில் லொறி நின்று, பின்னுக்கு எடுத்து, மறுபடி முட்டித் தள்ளியது. கார் ஆடுகிறது. ஸ்நோ கிடையாகப் பறக்கிறது, விழவேயில்லை. இவர் ஒரு கதையும் கதைக்கவில்லை. ஊர் வெளிச்சம் தெரிந்த பிறகுதான் "பெட்டி எப்படி?" என்று கேட்டார்.

பெட்டி எப்படி என்று இப்போது காட்டுகிறேன், கமெராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன். போத்தல் இன்னும் இளஞ்சூடு. இதோ பாருங்கோ, வெட்டுகிறேன். வெள்ளை! சுத்த வெள்ளை, விதைகூடக் கறுக்கவில்லை. எட்டும் இப்படித்தான் இருக்கும், நான் பந்தயம் கட்டுவேன். பொரித்து, தேங்காய்ப்பால் விட்டு, பழப்புளி கரைத்து ஒரு குழம்பு. அது அடுத்த வீடியோ.

இன்னொன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஆணி ரயர், ஐஸில் வழுக்காமல் ஆணி பதித்த ரயர், எப்போது போடலாம் என்று ஒரு தம்பி கேட்டிருந்தார், அவர் தெற்கிலிருந்து இங்கே வேலைக்கு வருகிறாராம். தம்பி, வடக்கில் அக்டோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரை போடலாம். ஆணி இல்லாத ரயரோடு வந்து மலை ஏறப் பார்க்காதீர்கள். காரில் இரண்டு கம்பளி, சவல், தலைவிளக்கு, சாப்பாடு, முழுத் தாங்கி பெற்றோல். மின்சாரக் கட்டணத்தையும் கேட்டீர்கள். வடக்கில் வீட்டு மின்சாரத்துக்கு அந்த 25 சதவீத பெறுமதி சேர் வரி (VAT) இல்லை, சம்பள வரியும் பின்மார்க்கில் குறைவு. பயப்படாமல் வாருங்கோ, வந்தால் எங்கள் வீட்டில் ஒரு நேரச் சாப்பாடு உண்டு.

பொறுங்கோ, சத்தம் கேட்கிறதா? தெருவுக்கு ஸ்நோ தள்ள வந்துவிட்டார்கள், கார் தெருவில் நிற்கிறது. நான் போய் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்கு வேலை செய்ய ஏலாது. அடுத்த வீடியோவில் பார்ப்போம், வரட்டா.