பேப்பர்ல விழுந்த ஓட்டை

நேயர்களுக்கு வணக்கம். துணியும் பேப்பரும் சேத்து கொலாஜ், அதாவது துண்டு துண்டா வெட்டிச் சேத்து ஒரு படமாக்கற வேலை, பண்றதுக்கு எப்படி வந்தீங்கன்னு கேட்டிருந்தாங்க. ஒரு பழைய கடிதத்தைப் பருத்தித் துணி மேல வெச்சு மெஷின்ல தெச்சேன், தையல் ரொம்ப நெருக்கமா விழுந்துருச்சு போல, கையில எடுத்தா ஸ்டாம்ப் கிழியிற மாதிரி தையல் போன வழியிலயே நேரா பிரிஞ்சு வந்துருச்சு. திரும்பக் கிடைக்காத கடிதம் அது, அன்னிக்கு அழுதுட்டேன்.

துணில ஊசி எறங்குனா இழை விலகி வழி விடும், ஊசியை உருவிட்டு விரலால நீவி விட்டா பழையபடி சேந்துக்கும். பேப்பர்ல குத்துனது குத்துனதுதான். இது புரியவே எனக்கு ரொம்ப நாளாச்சு, புரிஞ்சப்புறம்தான் என் வேலையே மாறுச்சு. இப்ப பேப்பருக்குப் பின்னாடி மெல்லிசா ஒரு துணிய ஒட்டி, அது முழுசா காஞ்சப்புறம்தான் தைக்கறேன், தையல் நீளமும் 4 மில்லிமீட்டருக்குக் கீழ போறதில்ல. ஈரத்தோட அவசரப்பட்டா பேப்பர் விரிஞ்சு, அப்புறம் சுருங்கி, துணியையும் சேத்து வளைச்சுரும். நியூஸ்பேப்பரை நான் இப்ப தொடறதே இல்ல, அதுல இருக்கற லிக்னின்ங்கற மரத்துப் பொருள் வெளிச்சம் பட்டா மஞ்சளாயிரும்.

மனசு விட்டுப்போற நாள்ல ரெண்டு பேரை நெனச்சுக்குவேன். ஒருத்தங்க ஜெர்மன் கொலாஜ் கலைஞர் ஹன்னா ஹோக், 1916லேர்ந்து 10 வருஷம் பெர்லின்ல ஒரு பதிப்பகத்துக்கு எம்பிராய்டரி, லேஸ் டிசைன் போட்டுக் குடுத்தவங்க, பொழப்புக்குப் பண்ண அந்த வேலையில கையில பொழங்குன தையல் பேட்டர்ன் தாளையே வெட்டி கொலாஜுக்குள்ள கொண்டாந்தாங்க. இன்னொருத்தங்க இங்கிலாந்துக் கலைஞர் மேரி டெலானி. 1772ல, 72 வயசுல, கலர் பேப்பரைப் பொடிப்பொடியா வெட்டிக் கறுப்புத் தாள்ல ஒட்டிப் பூ பூவா பண்ண ஆரம்பிச்சு, கண்ணு மங்கறதுக்குள்ள கிட்டத்தட்ட 1000 பண்ணிட்டாங்க! இப்பவும் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. லேட்டாயிருச்சேன்னு யாராவது சொன்னா நான் உடனே இவங்க பேரைத்தான் சொல்லுவேன்.

அந்தக் கடிதத்தோட ரெண்டு துண்டும் இப்ப என் மேசை மேலதான் இருக்கு. பின்னாடி பட்டுத்துணி ஒட்டியாச்சு, நடுவுல ஒரு விரக்கடை இடைவெளி விட்டிருக்கேன், கிழிஞ்ச ஓரத்துல பழைய ஓட்டை அப்படியே தெரியுது. புதுசா ஒரு ஓட்டையும் போடாம, அந்த ஓட்டை வழியாவே கையால நூல் கோத்துட்டு வரேன். பாதி தூரம் வந்திருக்கு.