ஏழடி தண்டவாளம்: 54 வருஷம் ஓடி நின்ன பிராட் கேஜ்

[திரையில்: பேடிங்டன் ஸ்டேஷன், கருப்பு வெள்ளைப் படம். புகை.]

1892, மே 20. வெள்ளிக்கிழமை. லண்டன்ல பேடிங்டன் ஸ்டேஷன். காலையில 10:15-க்கு 'கார்னிஷ்மேன்'னு ஒரு ரயில் கிளம்புது. இங்கிலாந்தோட தென்மேற்கு மூலையில இருக்கிற பென்சான்ஸ் வரைக்கும் போகணும். தினமும் போற வண்டிதான். ஆனா அன்னைக்கு பிளாட்பாரத்துல கூட்டம். ஏன்னா அந்த அகலத்துல ஒரு ரயில் அந்த ஊருக்குப் போறது அதுதான் கடைசி. அந்த வண்டி போற வழியெல்லாம், தண்டவாளத்தையே நகர்த்திப் போடறதுக்கு 4,000-க்கும் மேல ஆளுங்க வந்து இறங்கியிருந்தாங்க.

எவ்வளவு அகலம்? ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 7 அடி கால் அங்குலம். 2,140 மில்லிமீட்டர். நம்ம ஊர்ல இன்னைக்கு பிராட் கேஜ்னு சொல்றது 1,676. பழைய எழும்பூர் மீட்டர் கேஜ் 1,000. அதைப்போல ரெண்டு மடங்குக்கும் மேல! உலகத்துல இன்னைக்கு ஓடற எந்தப் பயணிகள் ரயில் பாதையும் அந்த அகலம் கிடையாது.

[திரையில்: மூணு கேஜும் பக்கத்துல பக்கத்துல, அளவுகளோட]

இந்த ஏழடி எங்கேர்ந்து வந்துச்சுன்னு பார்க்கறதுக்கு முன்னாடி, மத்தவங்க அளவு எங்கேர்ந்து வந்துச்சுன்னு பார்க்கணும். ஜார்ஜ் ஸ்டீபன்சன் வடக்கு இங்கிலாந்துல நிலக்கரிச் சுரங்கத்துல வேலை பார்த்தவர். அங்க குதிரை இழுக்கற வண்டிகளுக்கு மரத்துலயும் இரும்புலயும் பாதை போட்டிருந்தாங்க. அந்த அளவையே எடுத்து, கொஞ்சம் தளர்வுக்கு அரை அங்குலம் சேர்த்து, 4 அடி எட்டரை அங்குலம்னு வெச்சுக்கிட்டார். இன்னைக்கு உலகம் 'ஸ்டாண்டர்ட் கேஜ்'னு சொல்றது இதைத்தான். 1,435 மில்லிமீட்டர். குதிரை வண்டிக்குப் போட்ட பாதையில நீராவி இன்ஜினை ஏத்திட்டாங்க, அவ்வளவுதான்.

இதை ஒருத்தர் ஏத்துக்கல. இசம்பார்ட் கிங்டம் புரூனல். லண்டன்லேர்ந்து பிரிஸ்டல் துறைமுகம் வரைக்கும் சுமார் 118 மைலுக்கு லைன் போட, கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனி 1833-ல இவரை இன்ஜினியரா எடுத்துச்சு. அப்போ அவருக்கு 26 வயசு. 'சுரங்க வண்டிக்கு வெச்ச அளவு, இனிமே வரப்போற வேகத்துக்கு எப்படிப் போதும்?' இதுதான் அவரோட கேள்வி. ரயில்வே சட்டங்கள்ல கேஜ் இவ்வளவுதான் இருக்கணும்னு ஒரு வரி வழக்கமா வரும். 1835-ல கம்பெனிக்கு பார்லிமென்ட்ல சட்டம் வந்தப்போ, அந்த வரியே இல்லாம பார்த்துக்கிட்டார்.

ஏழடி எதுக்குன்னா, 'அகலமா இருந்தா கவிழாது'ன்னு பல பேர் சொல்வாங்க. புரூனல் முதல்ல நினைச்சது அது இல்ல. பெரிய சக்கரம் வேணும், உராய்வு குறையணும். ஆனா சக்கரத்துக்கு மேல பெட்டியை வெச்சா வண்டி ரொம்ப உயரமாயிடும். அதனால ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல பெட்டியைத் தாழ்வா உட்கார வைக்கணும். நடுவுல ஒரு பெட்டி உட்காரணும்னா பாதை அகலமா இருக்கணும். அழகான யோசனை. ஆனா நடைமுறையில பெட்டிங்க பெரும்பாலும் சக்கரத்துக்கு மேலதான் உட்கார்ந்துச்சு. அந்த அகலத்தோட நிஜமான லாபம் வேற இடத்துல கிடைச்சுச்சு. இன்ஜின்ல.

[திரையில்: இன்ஜினை முன்பக்கத்துலேர்ந்து பார்க்கற வரைபடம். சக்கரங்களுக்கு நடுவுல அடுப்பு சிவப்பா தெரியுது.]

நீராவி இன்ஜினோட சக்தி எவ்வளவுங்கிறது, எவ்வளவு தண்ணியை எவ்வளவு சீக்கிரம் ஆவியாக்கறோம்ங்கிறதுல இருக்கு. அதுக்கு அடுப்பு பெருசா இருக்கணும். அந்தக் காலத்து இன்ஜின்ல அடுப்பு ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல உட்காரும். அப்போ, தண்டவாளம் எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் அடுப்பு. சமையல்கட்டு அகலமா இருந்தா பெரிய அடுப்பு போடலாம்ங்கிற மாதிரிதான் இதுவும்.

ஆனா இதைப் புரிஞ்சுக்கிட்டு இன்ஜின் செஞ்சது புரூனல் இல்ல. உண்மையைச் சொல்லணும்னா, பாலத்துலயும் குகைப்பாதையிலயும் மேதையா இருந்த அவர், இன்ஜின் விஷயத்துல சறுக்கினார். அவர் போட்ட நிபந்தனைக்கு ஏத்த மாதிரி கம்பெனிங்க செஞ்சு அனுப்பினதெல்லாம் விசித்திரமான இன்ஜினுங்க. ஒண்ணுக்கு 10 அடி உயரச் சக்கரம்! ஓடவே திணறுச்சு. இதையெல்லாம் கட்டி மேய்க்க 1837 ஆகஸ்ட்ல ஒரு பையனை வேலைக்கு எடுத்தாங்க. டேனியல் கூச். 21 வயசு முடிய இன்னும் சில நாள் பாக்கி.

கூச்சுக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு இன்ஜின். 'நார்த் ஸ்டார்'. அமெரிக்காவுல நியூ ஆர்லியன்ஸுக்காக ஸ்டீபன்சன் கம்பெனி செஞ்சது. அங்க போகாம, ஏழடிக்கு மாத்தி இங்க வந்துச்சு. தேம்ஸ் நதியில படகுல ஏத்தி மெய்டன்ஹெட் பக்கத்துல கொண்டு வந்து இறக்கினப்போ, அங்க இன்னும் தண்டவாளமே வந்து சேரல. மாசக்கணக்கா அது காத்துட்டு இருந்துச்சு. 1838, ஜூன் 4-ல பேடிங்டன்லேர்ந்து மெய்டன்ஹெட் வரைக்கும் முதல் பகுதி திறந்தாங்க.

திறந்த உடனே புகார். வண்டி தூக்கித் தூக்கிப் போடுது. காரணம் பாதைக்கு அடியில இருந்துச்சு. எல்லாரும் குறுக்கே ஸ்லீப்பர் கட்டை போடுவாங்க. புரூனல் தண்டவாளத்துக்கு அடியில நெடுக, நீளவாக்குல கனமான மரத்தைப் போட்டார். அந்த மரம் ஆடாம இருக்க, இடையிடையே பூமிக்குள்ள மரத் தூணை அடிச்சு அதோட கட்டினார். மண்ணு மெதுவா அமுங்குச்சு, தூண் அமுங்கல. பாதை மேடு பள்ளமாச்சு. கடைசியில தூணோட இருந்த பிடியை வெட்டிவிட்டதும் சரியாப் போச்சு. இந்த நீளவாக்கு மரத்தை மறந்துடாதீங்க, பின்னால வேலை இருக்கு.

பங்குதாரர்கள் கோபமாயிட்டாங்க. வெளியிலேர்ந்து நிபுணர்களைக் கூப்பிட்டாங்க. அதுல டயனீசியஸ் லார்ட்னர்னு ஒரு பேராசிரியர், நார்த் ஸ்டாரை ஓட்டிப் பார்த்து அறிக்கை கொடுத்தார்: வேகம் கூடக் கூடக் காத்து எதிர்க்குது, 40 மைல் வேகத்துக்கு மேல எரிபொருள் செலவு கட்டுப்படியாகாது, இந்த அகலத்தால பிரயோஜனம் இல்லைன்னு. புரூனலும் கூச்சும் இன்ஜினைத் திறந்து பார்த்தாங்க. நீராவி வெளியேறி அடுப்புக்குக் காத்து இழுத்துக் கொடுக்கற குழாய் சரியில்ல. அதைச் சரி பண்ணாங்க. அதே இன்ஜின் 40 டன்னை 40 மைல் வேகத்துல, முன்ன ஆனதைவிட ரொம்பக் கம்மியான கரியில இழுத்துச்சு. காத்து மேல பழி போட்டது வெறும் குழாய்க் கோளாறு! 1839 ஜனவரி கூட்டத்துல ஓட்டெடுப்பு நடந்துச்சு, புரூனல் தப்பிச்சார். ஏழடியும் தப்பிச்சுது.

[திரையில்: பாக்ஸ் குகைப்பாதையோட மேற்கு வாசல்]

அப்புறம் வேலை மளமளன்னு நடந்துச்சு. பாத் நகரத்துக்குப் பக்கத்துல பாக்ஸ் குகைப்பாதை, 2 மைலுக்குக் கொஞ்சம் கம்மி. பாறையை உடைக்க வாரத்துக்கு ஒரு டன் வெடிமருந்து, வெளிச்சத்துக்கு வாரத்துக்கு ஒரு டன் மெழுகுவர்த்தி. சுமார் 100 தொழிலாளிங்க அங்க செத்துப்போனாங்க. வாசல்ல இருக்கிற அந்த அழகான கல் வளைவைப் பார்க்கறப்போ எனக்கு அந்த 100 பேர்தான் முதல்ல ஞாபகம் வருவாங்க. 1841, ஜூன் 30-ல லண்டன்-பிரிஸ்டல் முழு லைனும் திறந்தாச்சு. அடுத்த வருஷம் ஜூன் 13-ல விக்டோரியா ராணி வாழ்க்கையில முதல் முறையா ரயில் ஏறினாங்க. ஸ்லவ்லேர்ந்து பேடிங்டன், ஏழடிப் பாதையில. இன்ஜினை ஓட்டினது கூச், பக்கத்துல நின்னது புரூனல்.

சரி, இப்போ சண்டைக்கு வருவோம்.

1844-ல குளோஸ்டர் நகரத்துல ரெண்டு கேஜும் நேருக்கு நேர் மோதுச்சு. பர்மிங்காம்லேர்ந்து வர்ற லைன் ஸ்டாண்டர்ட் கேஜ். பிரிஸ்டல்லேர்ந்து வர்ற லைன் பிராட் கேஜ், அதாவது புரூனலோட ஏழடி. ஒரு வண்டி இன்னொரு பாதையில ஏற முடியாது. அதனால எல்லாத்தையும் இறக்கி ஏத்தணும். பயணிங்க, மூட்டை முடிச்சு, மரச்சாமான், பீங்கான், காய்கறி, ஆடு மாடு, எல்லாம். உடைஞ்சது, தொலைஞ்சது, மாறிப்போனதுக்கு அளவே இல்ல. மீட்டர் கேஜ் இருந்த காலத்துல நம்ம ஜங்ஷன்கள்ல கூட்ஸ் மாத்தினதைப் பார்த்தவங்களுக்கு இது உடனே புரியும்.

இந்த ரெண்டு லைனையும் கிரேட் வெஸ்டர்ன் வாங்கியிருந்தா பிராட் கேஜ் பர்மிங்காம் வரைக்கும் போயிருக்கும். பேரம் பேசிட்டே இருந்தாங்க. 1845 ஆரம்பத்துல மிட்லேண்ட் ரயில்வேயோட ஜான் எல்லிஸ் நடுவுல புகுந்து கேட்ட விலைக்கு முடிச்சுட்டார். என்னைக் கேட்டா, ஏழடியோட தலையெழுத்து பார்லிமென்ட்ல இல்ல, இந்தப் பேரத்துலதான் மாறுச்சு.

அதே வருஷம் அரசாங்கம் ஒரு கமிஷன் போட்டுச்சு. மூணு பேர், அதுல ஒருத்தர் வானியலாளர் ஜார்ஜ் ஏரி. 'ஓட்டியே பார்த்துடலாம்'னு டிசம்பர்ல போட்டி. கூச்சோட 'இக்ஸியான்' இன்ஜின் 80 டன்னை இழுத்துக்கிட்டு பேடிங்டனுக்கும் டிட்காட்டுக்கும் நடுவுல 60 மைல் வேகத்தைத் தொட்டுச்சு. ஸ்டாண்டர்ட் கேஜ்காரங்க யார்க் பக்கம் 50 டன்னோட ஓடினாங்க, 53 மைலுக்கு மேல போகல. அவங்களோட இன்னொரு இன்ஜின் கவிழ்ந்தே போச்சு.

பிராட் கேஜ்தான் வேகம்னு கமிஷனே எழுதுச்சு. ஆனா தீர்ப்பு எதிர்த் தரப்புக்கு. ஏன்னா நாட்டுல பிராட் கேஜ் 274 மைல், ஸ்டாண்டர்ட் கேஜ் 1,901 மைல். மாத்தறதுன்னா எதை மாத்துவீங்க? அகலமா இருக்கிற பாதையைச் சுருக்கிடலாம். சின்ன பாதையை அகலமாக்கணும்னா பாலம், குகை எல்லாத்தையும் இடிக்கணும். 1846 ஆகஸ்ட்ல சட்டம் வந்துச்சு: இனிமே புது லைன் 4 அடி எட்டரை அங்குலம்தான். தனிச் சட்டத்துல அனுமதி வாங்கினா மட்டும் விதிவிலக்கு.

[திரையில்: டல்ஹௌசி உருவப்படம். பிறகு, ராயபுரம் ஸ்டேஷன்.]

இந்தச் சண்டையைப் பக்கத்துல இருந்து பார்த்தவர்ல ஒருத்தர் அப்போ வர்த்தக வாரியத் தலைவர். அவர் பேர் டல்ஹௌசி. ஆமா, அவரேதான். 1848-ல கவர்னர் ஜெனரலா கல்கத்தா வந்தவர், இங்கிலாந்து பட்ட பாடு இங்க வேணாம், நாடு முழுக்க ஒரே கேஜ்னு பிடிவாதமா நின்னார். அவர் கேட்டது 6 அடி, முடிவானது ஐந்தரை அடி. 1856-ல ராயபுரத்துலேர்ந்து வாலாஜா ரோடுக்கு ஓடினது அந்த அகலத்துலதான். ஆனா 1870-கள்ல செலவு கம்மின்னு மீட்டர் கேஜைக் கொண்டு வந்து, அவர் பயந்ததையே செஞ்சுட்டாங்க. 1860-கள்ல பிராட் கேஜா திறந்த நாகப்பட்டினம்-திருச்சி லைனையே மீட்டர் கேஜாச் சுருக்கினாங்க. மறுபடி எல்லாத்தையும் ஒரே கேஜாக்குற திட்டம் 1992-லதான் ஆரம்பிச்சுது. இங்கிலாந்து முடிச்சு சரியா 100 வருஷம் கழிச்சு.

திரும்ப கூச்கிட்ட போவோம். சட்டம் வந்தும் அவர் சோர்ந்து போகல. அவரோட மிகச் சிறந்த இன்ஜினுங்க அதுக்கு அப்புறம்தான் முழுசா ஓட ஆரம்பிச்சுது. 1846-ல கம்பெனியோட ஸ்விண்டன் பட்டறையில 'கிரேட் வெஸ்டர்ன்'னு ஒண்ணை 13 வாரத்துல செஞ்சு முடிச்சாங்க. அடுத்த வருஷம் 'அயர்ன் டியூக்' வகை. நடுச்சக்கரம் 8 அடி உயரம்! டிரைவர் நிக்கற இடத்துக்குக் கூரைகூடக் கிடையாது. மழையும் காத்தும் முகத்துலதான். 1848, மே 11-ல 'கிரேட் பிரிட்டன்'ங்கிற இன்ஜின் பேடிங்டன்லேர்ந்து டிட்காட், 53 மைலை நாற்பத்தேழரை நிமிஷத்துல கடந்துச்சு. சராசரியே மணிக்கு 67 மைல், அதாவது சுமார் 108 கிலோமீட்டர். 1848-ல! நம்ம ஊர்ல அப்போ மாட்டு வண்டிதான்.

இருந்தாலும் பக்கத்துல ஸ்டாண்டர்ட் கேஜ் வலை பின்னிட்டே வந்துச்சு. கிரேட் வெஸ்டர்னே சில ஸ்டாண்டர்ட் கேஜ் கம்பெனிகளை வாங்க வேண்டி வந்துச்சு. ஒரே பாதையில ரெண்டு வண்டியும் ஓட மூணாவது தண்டவாளம் போட்டாங்க. 1861-ல பேடிங்டனுக்கே ஸ்டாண்டர்ட் கேஜ் வந்துடுச்சு. புரூனல் அதைப் பார்க்கல. 1859-ல, அவர் கட்டின சால்டாஷ் பாலம் திறந்த அதே வருஷம், 53 வயசுல இறந்துட்டார்.

கூச் பார்த்தார். 1865-ல அவரே கம்பெனித் தலைவரானார். இருபது வயசுல ஏழடிக்கு வேலைக்கு வந்தவர், பங்குதாரர்கள் முன்னாடி நின்னு 'மாத்தியே ஆகணும்'னு சொல்ல வேண்டிய நாற்காலியில உட்கார்ந்தார். 1872 மே மாசம் சவுத் வேல்ஸ் லைன் மாறுச்சு. ஒவ்வொண்ணா மாறுச்சு. கடைசியா மேற்குல மட்டும் பாக்கி. 1889-ல கூச்சும் போயிட்டார்.

[திரையில்: 1892, தண்டவாளத்தை நகர்த்தும் ஆட்கள்]

இப்போ அந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம். சுமார் 171 மைல். கெடு திங்கட்கிழமை காலை. கேங்மேன்களை நாலாபக்கத்துலேர்ந்தும் கொண்டு வந்தாங்க. கூட்ஸ் ஷெட்லயும் கூடாரத்துலயும் படுக்கை. குடிக்க, ஓட்ஸ் மாவு கரைச்ச தண்ணி. அந்த நீளவாக்கு மரம் இங்கதான் கைகொடுத்துச்சு: ரெண்டு நீள மரத்தையும் இணைக்கிற குறுக்குக் கட்டையை அறுத்துட்டு, மரத்தோட சேர்த்துத் தண்டவாளத்தை அப்படியே உள்ள தள்ளினா வேலை முடிஞ்சுது. கடைசி வண்டி கிழக்கே போனதும், சனிக்கிழமை விடியல்லேர்ந்து தள்ளினாங்க. திங்கட்கிழமை, மே 23, ஸ்டாண்டர்ட் கேஜ் ரயில் பென்சான்ஸ் வரைக்கும் போச்சு.

ஓடி முடிச்ச இன்ஜினுங்களும் பெட்டிங்களும் ஸ்விண்டன்ல புதுசாப் போட்ட மைல்கணக்கான சைடிங்ல வரிசையா நின்னுச்சு. சிலது சின்ன கேஜுக்கு மாறுச்சு, மத்தது உடைஞ்சுது. 'நார்த் ஸ்டார்', 'லார்ட் ஆஃப் தி ஐல்ஸ்' ரெண்டை மட்டும் பத்திரமா வெச்சிருந்தாங்க. 1906-ல இடம் வேணும்னு அதையும் உடைச்சாங்க. எனக்கு இன்னைக்கும் மனசு ஆறாத விஷயம் இது.

[திரையில்: டைனி இன்ஜின்]

மிஞ்சின ஒரே ஒரு ஏழடி இன்ஜின் இதுதான். பேர் 'டைனி'. 1868-ல சவுத் டெவன் ரயில்வேக்காகச் செஞ்சது. பாயிலர் செங்குத்தா நிக்கும். நியூட்டன் ஆபட் யார்டுல பெட்டி தள்ளிட்டு இருந்துச்சு. 1883-ல அந்த வேலையிலேர்ந்து எடுத்து, பட்டறையில பம்பு ஓட்ட நிறுத்திட்டாங்க. மத்ததெல்லாம் உடைபட்டப்போ இது ஒரு ஓரத்துல தண்ணி இறைச்சுட்டே இருந்துச்சு, 1927 வரைக்கும். இப்போ டெவன்ல பக்ஃபாஸ்ட்லீ ஸ்டேஷன் மியூசியத்துல நிக்குது.