"சும்மாதான் இருக்கறேன்"

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையல் வீடியோ போடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து ஒரு விஷயம் மனசைப் போட்டு அறுத்துக்கொண்டே இருக்கிறது. அதைப் பேசிவிடுகிறேன்.

பந்தியில் நானும் அக்காவும் பக்கத்துப் பக்கத்து இலை. அக்காவுக்கு அந்தப் பக்கம் எங்கள் அத்தை ஒருவர். சாம்பார் ஊற்றும்போது அக்காவைக் கேட்டார்: "ஏன் கண்ணு, எம்.எஸ்சி. வரைக்கும் படிச்சுப்போட்டு ஊட்ல சும்மாவா இருக்கறே?" ரசம் வருவதற்குள் என்னிடம் வந்துவிட்டார்: "நீ எதுக்கு கண்ணு, சின்னப் புள்ளைய உட்டுப்போட்டு வேலை வேலைன்னு ஓடறே?" அதே பந்தியில்தான் என் கணவரும் உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்டது, இன்னொரு ஜிலேபி வைக்கட்டுமா என்று மட்டும்தான்.

அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. காட்டு வேலை, மாட்டு வேலை எல்லாம் பார்த்து நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். அவரையே யாரும் 'வேலைக்குப் போகிறவர்' என்று சொன்னது கிடையாது. என்னை அறுப்பது அக்கா சொன்ன பதில். சிரித்துக்கொண்டே, "ஆமாங்க அத்தை, சும்மாதான் இருக்கறேன்" என்றாள்.

அவள் சும்மா இருக்கிற லட்சணத்தைச் சொல்கிறேன். காலையில் மாமனாருக்குச் சர்க்கரை பார்த்து இன்சுலின் போட வேண்டும். பக்கவாதம் வந்தவர், ஒரு கை வராது. அவரைக் குளிக்க வைத்து, சாப்பிட வைத்து, பையனைக் கிளப்பி அனுப்ப வேண்டும். சாயங்காலம் பள்ளி வேன் என் மகளை இறக்கிவிடுவதும் அவள் வீட்டு வாசலில்தான். டிபன், வீட்டுப்பாடம், காய்ச்சல் வந்தால் மருந்து எல்லாம் அக்கா. நான் கணக்குப் பிரிவில் வேலை முடித்து ஏழு மணிக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வருவேன். ஆடிட் நேரத்தில் ஒன்பதுகூட ஆகும். போன வருடம் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தபோது எல்லோரும் என் உழைப்பைத்தான் பாராட்டினார்கள். நானும் அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கு முன்னால் பேசியிருக்கிறேன். 2019-ல் அவள் கல்லூரி வேலையை விட்டபோது, "இவ்வளவு படிச்சதை வீணாக்கிட்டியே" என்று போனில் சொன்னேன். ஒரு வாரம் அவள் எனக்கு போன் பண்ணவில்லை. அத்தை கேட்டது அப்படியே நான் அன்று கேட்டதுதான். அக்கா, இந்த வீடியோவை நீ பார்ப்பாய். அது தப்பு. மன்னித்துக்கொள்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு கொடுத்தார். கணவர் சவுதியில் சம்பாதித்துப் பணம் அனுப்பினார். மனைவி இங்கே இருந்து வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்தெல்லாம் தனக்கு மட்டும்தான் என்பது கணவரின் வாதம். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் அங்கே நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது, அதனால் சொத்தில் மனைவிக்கும் சம பங்கு உண்டு என்றது நீதிமன்றம். இந்த உழைப்பை அங்கீகரிக்கத் தனியாகச் சட்டம் இல்லை. ஆனால் அங்கீகரிக்கக் கூடாது என்றும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு என் சம்பளச் சீட்டுதான் ஞாபகம் வந்தது.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பும் ஒன்று இருக்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் கொடுக்கிறார்கள். அப்படி வேலை செய்கிற ஆண்கள்கூட 88 நிமிடம்தான். வேலைக்குப் போகிறாளா, வீட்டில் இருக்கிறாளா என்று நாம் பெண்களைப் பிரித்துப் பேசுகிறோம். ஆபீஸ் போகிற நானும் இந்த 289-ல் ஒருத்திதான்.

'உன் விருப்பம்தானே' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். 2017 சட்டத் திருத்தத்திலிருந்தே 26 வாரம் சம்பளத்தோடு பேறுகால விடுப்பு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் இருக்க வேண்டும். முன்பு நான் இருந்த நிறுவனத்தில் இருநூறு பேருக்கு மேல். காப்பகம் கிடையாது. அக்கா பக்கத்துத் தெருவில் இல்லாமல் போயிருந்தால் நானும் அன்றைக்கே வேலையை விட்டிருப்பேன். அப்போதும் அதற்கு 'விருப்பம்' என்றுதான் பெயர் வைத்திருப்பார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் முதல் தடவையாக அக்காவிடம் கேட்டேன். "நீ விருப்பப்பட்டு விட்டியா, வேற வழியில்லாம விட்டியா?" ரொம்ப நேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்: "ரெண்டும்தான்டி. சில நாள் லேப் வாசனை ஞாபகம் வரும். சில நாள் வராது." ஆறு வருடமாக அந்த 'ரெண்டும்தான்' என்ற பதிலைக் கேட்க எங்கள் வீட்டில் ஒரு ஆள் இல்லை. நானும் அதில் சேர்த்தி.

அப்புறம் ஒன்று. பையனைப் புதுப் பள்ளியில் சேர்க்கப் படிவம் நிரப்பி மேசை மேல் வைத்திருந்தாள். 'தாயின் தொழில்' என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தாள். வெறும் கோடு. படிவத்தை இன்னும் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் நீங்கள் என்ன எழுதினீர்கள்? கமெண்ட்டில் சொல்லுங்கள், அக்காவிடம் படித்துக் காட்டுகிறேன்.