சீரியலில் வராத மறதி

நேயர்களுக்கு வணக்கம். தொலைக்காட்சித் தொடர்களில் டிமென்ஷியா என்கிற மறதி நோய் வந்தால் ஒரே காட்சிதான். பெற்ற மகனைப் பார்த்து அம்மா "நீ யாருப்பா?" என்று கேட்பார், மகன் உடைந்து போவான், "தொடரும்" என்று போட்டுவிடுவார்கள். என் அம்மாவை ஏழு வருஷம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் நான். அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்கு வரவே ஐந்து வருஷம் ஆனது.

முதலில் வந்தது திருட்டுப் பழி. பர்ஸைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைப்பார், வைத்ததை மறந்துவிடுவார், அப்புறம் "நீதான் எடுத்தே" என்று என் முகத்துக்கு நேராகச் சொல்வார். ஆனால் வெளியூரில் இருக்கும் அண்ணன் போன் செய்தால் அந்தப் பத்து நிமிஷமும் அவ்வளவு கலகலப்பாகப் பேசுவார், அண்ணனும் "அம்மா நல்லாத்தானே இருக்காங்க, நீதான் பெரிசு பண்றே" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. குடும்பத்தைப் பிளப்பது பெரும்பாலும் இந்த இடம்தான், இதை எந்தத் தொடரிலும் நான் பார்த்ததில்லை.

டிமென்ஷியாவுக்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோய் பெரும்பாலும் மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியை ஆரம்பத்திலேயே தாக்குகிறது. புது விஷயங்கள் பதிவாவதற்கு அது வேண்டும். அதனால்தான் பள்ளிக்கூடத்து நாட்கள் பளிச்சென்று இருக்க, சற்றுமுன் சாப்பிட்டது நினைவில் இருக்காது. கேட்டதையே கேட்பது பிடிவாதம் இல்லை.

இன்னொன்று, தொடரின் கடைசி வாரத்தில் ஓர் அதிர்ச்சியில் நினைவெல்லாம் திரும்பிவிடுகிறதே, அதுதான் எனக்குக் கோபம். 2023-இல் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனெமாப் மருந்துகூட, ஆரம்பக் கட்டத்தில் நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, அவ்வளவுதான். போன நினைவை அது மீட்டுத் தராது. ஆனால் தொடர் பார்த்துவிட்டு வரும் சொந்தக்காரர்கள் "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்கிறார்கள். பதில் தெரியாமல் அம்மா துண்டின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரிப்பார்.

அப்பா இறந்து பல வருஷம் கழித்து "அப்பா இன்னும் வரலையா?" என்று கேட்க ஆரம்பித்தார். நானும் உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது அன்றுதான் வந்த செய்தி, அன்றுதான் அழுகை. எத்தனை தடவை அப்படி அழ வைத்தேனோ. பிறகு நிறுத்திவிட்டு, "அப்பா கோபக்காரரா அம்மா?" என்று கேட்கத் தொடங்கினேன். அம்மா சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பிப்பார், அரை மணி நேரம் போகும். தொடர் எழுதுகிறவர்களே, அந்த அரை மணி நேரத்தை எழுதுங்கள், அதில் நடிப்பதற்கு அவ்வளவு இருக்கிறது.