ஆட்டுக்கிடைக்கு மின்வலை

நேயர்களுக்கு வணக்கம்.

தை அறுப்பு முடிந்தால் காரைக்குடி, தேவகோட்டை, கல்லல் பக்கத்து வயல்களில் கிடை போட, அதாவது ராத்திரியில் ஆடுகளை வயலிலேயே அடைத்துவைக்கத் தொடங்கிவிடுவார்கள். கிடைக்காரர்களுக்கு ராத்திரித் தூக்கம் கிடையாது. நாய்க்கூட்டம் புகுந்தால் விடியும்போது எத்தனை குட்டி மிஞ்சும் என்று சொல்ல முடியாது. சுருட்டித் தோளில் தூக்கிப்போகிற மின்வலை இந்தக் காவலுக்குப் பெரிய துணை.

பிளாஸ்டிக் நூலோடு மெல்லிய எவர்சில்வர் இழைகளைச் சேர்த்து முறுக்கிப் பின்னிய வலை இது. ஒரு சுருள் பெரும்பாலும் 50 மீட்டர். ஊன்றுகால்கள் வலையோடு சேர்ந்தே வரும். வெள்ளாடும் இருந்தால் உயரம் 105 சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம். தரையை ஒட்டிய கடைசி இழையில் மின்சாரம் ஓடாது, அதற்கு மேல் உள்ள படுக்கை இழைகளில் ஓடும். பேட்டரி மின்சாரத்தை உயர்ந்த வோல்ட் துடிப்பாக மாற்றி வலைக்குக் கொடுப்பது எனர்ஜைசர் பெட்டி; அது 12 வோல்ட் பேட்டரியில் வேலை செய்யும். ஏறக்குறைய நொடிக்கு ஒரு துடிப்புதான் அனுப்பும். அந்தத் துடிப்பும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காது. சுளீர் என்று அடித்தாலும் விலகிக்கொள்ள இடைவெளி இருக்கிறது.

வீட்டு லைனிலிருந்தோ மோட்டார் செட்டிலிருந்தோ நேரே வயரை இழுத்து வேலியில் கொடுப்பது குற்றம். அது ஆளையே கொன்றுவிடும். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

எத்தனை சுருள் வாங்குவது? ஒரு சுருளைச் சதுரமாகக் கட்டினால் 4 சென்ட்கூடத் தேறாது. இரண்டு சுருள் என்றால் பக்கத்துக்கு 25 மீட்டர், 15 சென்ட்டுக்கு மேல் வரும். சுருள் இரட்டித்தால் இடம் நான்கு மடங்காகும். கிடையை நெருக்கி அடைக்காதீர்கள். வெளியே நாய் குரைத்ததும் மிரண்ட ஆடுகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் எந்த வலையும் நிற்காது.

இனி எர்த். நம் சீமையில் வலை பலிக்காமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான். பெட்டியிலிருந்து கிளம்பும் மின்சாரம் வலை, ஆட்டின் உடம்பு, மண், எர்த் கம்பி என்று சுற்றிப் பெட்டிக்கே திரும்ப வேண்டும். பங்குனி, சித்திரையில் செம்புறாங்கல் தரை காய்ந்து கிடக்கும்போது மண் மின்சாரத்தைக் கடத்தாது. பெட்டி டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், ஆடு வலையை உரசிக்கொண்டே நிற்கும். பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

துத்தநாகம் பூசிய 1 மீட்டர் இரும்புக் கம்பி மூன்றை, 3 மீட்டர் இடைவெளி விட்டு, கண்மாய்க் கரையடி, வாய்க்கால் ஓரம் என்று ஈரம் நிற்கிற இடத்தில் முழுக்க இறக்குங்கள். வீட்டு மின் இணைப்பின் எர்த்துக்கு 10 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். கோடையில் மாலைதோறும் ஒவ்வொரு கம்பியடியிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அதற்கும் சரிவராத தரைக்கு, ஓர் இழை மின்சாரம், அடுத்த இழை எர்த் என்று மாறிமாறி வரும் வலை இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தொட்டாலே அடிக்கும், மண்ணை நம்ப வேண்டியதில்லை.

வேலி டெஸ்டரால் வலையின் கடைசி முனையில் அளந்து பாருங்கள், சாதாரண மல்டிமீட்டர் இதற்கு ஆகாது. 4000 வோல்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. நம் செம்பறிக்கு மேல்நாட்டு ஆடுபோல மின்சாரம் உடம்பில் படாமல் தடுக்கிற அடர்ந்த கம்பளி கிடையாது என்பது நமக்கு அனுகூலம்.

ஊன்றும்போது காலின் தலையில் சுத்தியலால் அடித்தால் பிளாஸ்டிக் பிளந்துவிடும். கடினத் தரையில் முதலில் கூர்மையான இரும்புக் கம்பியை அடித்து உருவி, அந்தத் துளையில் காலின் ஆணியை வைத்து அடிப்பகுதியை மிதியுங்கள். மூலைக் கால்களை வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்துக் கயிற்றால் இழுத்துக் கட்டினால் வலை தொய்யாது. எடுக்கும்போது கால்களை ஒவ்வொன்றாகக் கையில் சேர்த்து, புடவைக் கொசுவம் வைப்பதுபோல மடித்து வாருங்கள். சும்மா உருட்டினால் மறுநாள் சிக்கெடுக்கவே பொழுது போய்விடும்.

வலை போகிற தடத்தில் புல்லையும் சீமைக்கருவேலக் கன்றையும் முன்பே வெட்டிவிடுங்கள். விடியற்காலைப் பனியில் நனைந்த புல் வலையைத் தொட்டால் வோல்ட் சரசரவென இறங்கும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுச் சுற்றி வந்தால் கசியும் இடத்தில் பொறி தெரியும், சத்தமும் கேட்கும். முள்கம்பி வேலியை ஒட்டி மட்டும் இதைக் கட்டவே கூடாது. அங்கே சிக்கியவர் விலக முடியாமல் மாட்டிக்கொள்வார். பாதை ஓரத்தில் எச்சரிக்கைப் பலகை கட்டாயம் வேண்டும்.

புது ஆட்டை நேரே வயலில் விடாதீர்கள். உறுதியான பட்டிக்குள் ஒரு பக்கம் இந்த வலையைக் கட்டி, பகலில் கூடவே இருந்து இரண்டு மூன்று நாள் பழக்குங்கள். மூக்கில் ஒரு தடவை பட்டால் மறக்காது. கொம்பு முளைக்கிற வெள்ளாட்டுக் குட்டிதான் தலையை விட்டு மாட்டிக்கொள்ளும். மாட்டியது அசையும்போதெல்லாம் அடி வாங்கிக்கொண்டே இருக்கும், கவனிக்காவிட்டால் செத்தும் போகும். படுக்கப் போகுமுன் ஒரு சுற்று, விடிந்ததும் ஒரு சுற்று பார்த்தே ஆக வேண்டும். மாட்டியிருந்தால் முதலில் பெட்டியை நிறுத்திவிட்டு அப்புறம் கை வையுங்கள்.

பேட்டரி தீர்ந்துபோன வலைக்குள் ஆட்டை அடைத்து வைக்காதீர்கள். மின்சாரம் இல்லை என்று ஒரு ஆடு கண்டுகொண்டால் போதும், மறுநாள் மின்சாரம் இருந்தாலும் அது முட்டித்தான் பார்க்கும்.

வணக்கம்.